முகம் வந்ததும் நின்ற படம்

கீழ்வேளூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடை வைத்திருந்தேன். வேகமாக ஓடட்டும் என்று புது கிராபிக்ஸ் கார்டு மாட்டினேன். கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து உறைந்து நின்றது. டிரைவரை மாற்றிப் போட்டேன். ரேம் மெமரியைக் கழற்றித் துடைத்தேன். பெட்டியைத் திறந்து ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். எதற்கும் மசியவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா காத்திருந்தார். மகளின் நிக்காஹ் சிடிக்காக வந்தவர். கணவருக்குச் சவூதியில் லீவு கிடைக்கவில்லை. சிடியை அவரிடம் கொண்டுபோகும் ஆள் அன்று சாயங்காலமே திருச்சியில் விமானம் ஏறுகிறார். கூடவே அனுப்ப ஊறுகாய்ப் பொட்டலம் அந்த அம்மாவின் மடியில் இருந்தது.

ஒவ்வொரு முறையும் திரையில் அவருடைய அழுத முகம் வந்ததும் படம் நின்றது. நின்றபோதெல்லாம் அவர் தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"நான் அழுவுற எடத்த வெட்டிடுங்க தம்பி. அவரு பாத்தா சோறு எறங்காது."

"அதனால நிக்கலம்மா. புது கார்டு கரண்டு ஜாஸ்தி இழுக்குது. பழைய பவர் சப்ளை தாங்கல போல."

"எதுனால நின்னா என்ன, வெட்டிடுங்க."

வெட்டினேன். வேறு வழியில்லாமல் பழைய கார்டையே திரும்ப மாட்டினேன். ஊர்ந்து ஊர்ந்து வேலை முடிந்தது. சிடியை வாங்கிக்கொண்டு அந்த அம்மா பஸ்ஸுக்கு ஓடினார்.

அப்புறம் வெட்டிய துண்டை ஓட்டிப் பார்த்தேன். இந்தத் தடவை நிற்கவில்லை. அந்த முகம் கேமராவை நேராகப் பார்த்து, கணவரைக் கூப்பிட்டது.

"சம்பாதிச்சது போதும் மச்சான். வந்துருங்க."