ஆறு மீற்றரில் ஒரு தோள் நோ

நீந்தத் தெரியாதவர்களைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போய், உயிரோடு கரையில் விட்டு, மீன் குறைவு என்று அவர்கள் சொல்லும் முறைப்பாட்டைச் சிரித்த முகத்தோடு கேட்பதுதான் டைவிங் வழிகாட்டியின் தொழில்.

திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நான் அதைத்தான் செய்துவந்தேன். வேறு தொழில் தெரியாது. தலை சீவக் கை உயராத, உடுப்பு மாட்டும்போது பல்லைக் கடிக்கிற சக தோள்காரர்களே, இந்தக் கதை உங்களுக்குப் புதிதல்ல. மூட்டு நோகிறது என்று நாம் வாயைத் திறந்தால் ஊர் ஒரேயொரு கேள்விதான் கேட்கும்: எவ்வளவு ஆழம்? ஆறு மீற்றர் என்றால் வழக்குத் தள்ளுபடி. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைதரசன், நாம் மேலே வரும்போது சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழியாகி மூட்டுகளில் தங்குவதைத்தான் பெண்ட்ஸ் என்கிறார்கள். அது பெரிய ஆழம் போகும் பெரிய ஆட்களுக்கு வரும் பெரிய வருத்தமாம். நமக்கெல்லாம் வெறும் சுளுக்கு. என்னுடையதும் சுளுக்காகவே இருக்கவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். பெண்ட்ஸ் என்றால் கடலில் இறங்க விடமாட்டார்கள்.

காது அடைத்த ஐயா

கொழும்பிலிருந்து வந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். கோணேசர் மலையடிக் கடலில் அவரை இறக்கினேன். இரண்டு மீற்றர் போனதும் காதைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார். காது திறந்ததும் கீழே. பிறகு கண்ணாடிக்குள் தண்ணீர் என்று மேலே. பிறகு மனைவி வள்ளத்தில் பத்திரமாக இருக்கிறாவா என்று பார்க்க மேலே. கீழே போகும்போது அவருக்கு ஆயிரம் யோசனை. மேலே வரும்போது ஒரே பாய்ச்சல். அவர் பாயும்போதெல்லாம் அவருடைய பட்டியைப் பிடித்தபடி நானும் பாய்ந்தேன். முன்பகல் முழுக்க இதுதான் நடந்தது.

வள்ளத்தில் ஏறிச் சற்று நேரத்தில் வலது தோளுக்குள் ஏதோ குடையத் தொடங்கியது. நான் தேய்த்துக்கொண்டிருந்ததை ஐயா மிகுந்த அனுதாபத்தோடு பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுக்கோணும் போல."

நானாவின் வைத்தியம்

எங்கள் டைவிங் கடை முதலாளி ரஹீம் நானா தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணியை உறிஞ்சியபடி என் தோளை விசாரித்தார். சிலிண்டரைப் பிழையாகத் தூக்கியிருப்பேன் என்றார். ஒருக்களித்துப் படுத்திருப்பேன் என்றார். கலியாணம் முடித்தால் சரியாகிவிடும் என்றும் ஒரு மருந்து சொன்னார். பெண்ட்ஸாக இருக்குமோ என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும்தான் அவருக்கு உண்மையில் மனம் நொந்தது.

"ஆறு மீற்றரெல்லாம் ஒரு ஆழமா, புள்ள? அது கிணறு."

கடலுக்கடியில் கலியாணம்

கந்தளாயிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. தண்ணீருக்குள் பட்டுச் சேலையோடு படம் எடுக்கவேண்டுமாம். படப்பிடிப்பாளர் கீழே எடுப்பார், மணப்பெண் மேலே வந்து பார்ப்பா, மூக்குப் பெரிதாகத் தெரிகிறது என்பா, மறுபடி கீழே. சேலையை ஒதுக்கிப் பிடிப்பது, மாப்பிள்ளையைப் பாறையில் மோதாமல் காப்பது, மீன்களை வரிசைப்படுத்துவது எல்லாம் என் பொறுப்பு.

அன்று ஓர் அதிசயத்தைக் கண்டேன். இறங்கியதும் தோள் நோ காற்றாய்ப் பறந்துவிட்டது. வள்ளத்தில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. கடல்தான் எனக்கு எண்ணெயும் ஒத்தடமும் என்று பூரித்துப்போனேன். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்த மணப்பெண்ணுக்குத்தான் அதில் ஒரு குறை பட்டது.

"அக்கா, தண்ணிக்குள்ள எடுத்த படத்தில எல்லாம் நல்லாத்தான் நிக்கிறீங்கள். வள்ளத்தில எடுத்ததில மட்டும் ஏன் மூஞ்சையை இப்பிடி வச்சிருக்கிறீங்கள்?"

சந்திரண்ணையின் அனுபவம்

எங்கள் வள்ளம் ஓட்டும் சந்திரண்ணை பக்கத்திலுள்ள சல்லி ஊர்க்காரர். முந்திச் சங்கு எடுக்கச் சிலிண்டரோடு நாள் முழுக்க முங்கியவர். அவரிடம் என் அதிசயத்தைச் சொன்னேன். அவர் துளியும் ஆச்சரியப்படவில்லை. மேலே நொந்தால் திரும்ப இறங்க வேண்டியதுதானே, கீழே போனால் சுகம், இது அந்தக் காலத்திலிருந்தே நடக்கிறது என்றார். அனுபவசாலி சொன்னால் கேட்கவேண்டும். வாடிக்கையாளர் இல்லாமலே சுகம் தேடி ஒரு தரம் இறங்கி வந்தேன். அன்று பின்னேரம் விரல்கள் விறைத்துத் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. உள்ளபடியே பயந்துபோனேன்.

கோப்பையை எடுத்துத் தருவதற்காகச் சந்திரண்ணை வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான் நடப்பார். அன்றுதான் நான் அதைக் கவனித்துப் பார்த்தேன்.

"பயப்பிடாத தங்கச்சி. என்ர முழங்காலுக்கும் நான் இதைத்தான் செய்தனான்."

என் தரப்புச் சாட்சியம்

அந்த நடையைப் பார்த்த பிறகு இருப்புக்கொள்ளாமல் டொக்டரிடம் ஓடினேன். ஓடினாலும் வாதாடத் தயாராகத்தான் போனேன். ஆறு மீற்றர்தான் என்றேன். கீழே போனால் நோவே இல்லை, ஆகவே இது ஒன்றுமில்லை என்றும் அடித்துச் சொன்னேன். டொக்டர் தோளை அழுத்தினா, கையைச் சுழற்றினா. அதனால் நோ கூடவுமில்லை, குறையவுமில்லை. சுளுக்கென்றால் இப்போது கத்தியிருப்பீர்கள் என்றா. அந்த ஆழத்தில் பெண்ட்ஸ் வருவது மிக அரிதுதான், ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து, வேகமாக மேலே வருவதும் திரும்பப் போவதுமாக இருந்தால் வராது என்று சொல்ல ஏலாது என்றா. கீழே போனால் சுகம் என்ற என் பலத்த சாட்சியத்தைத்தான் அவ இரண்டு தரம் திருப்பிக் கேட்டா.

"அழுத்தம் கூடினால் குமிழி சுருங்கும், நோ போகும். நீங்கள் மருந்தெண்டு நினைச்சதுதான், அம்மா, நோயின்ர அடையாளம்."

நனையாமல் ஒரு டைவ்

டொக்டர் என்னை அனுப்பிவைத்த அழுத்த அறை என்பது ஒரு பெரிய இரும்பு உருளை. முகமூடியில் ஒட்சிசன் தந்து, கதவை அடைத்து, பதினெட்டு மீற்றர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தை உள்ளே ஏற்றினார்கள். அந்தப் பருவத்தில் நான் போன ஆகக்கூடிய ஆழம் அதுதான், அதுவும் தரையில் இருந்தபடி. சிறிது நேரத்தில் தோள் லேசானது, விரல்களும் திரும்ப என்னுடையவையாயின. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. இனிச் சுளுக்கென்று சொல்லித் தப்ப ஏலாது. இந்தப் பருவம் முடியும்வரை தண்ணீரில் கால் வைக்கக்கூடாது, பிறகும் சோதித்துப் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார்கள்.

ரஹீம் நானா தோடம்பழத்தோடு பார்க்க வந்தார். உள்ளே நடந்ததை விவரமாகச் சொன்னேன். அக்கறையாகக் கேட்டவர், ஆழத்தைச் சொன்னதும் திடுக்கிட்டுவிட்டார்.

"பதினெட்டு மீற்றருக்கா இறக்கினாங்க? கவனம் புள்ள, அந்த ஆழத்துலதான் பெண்ட்ஸ் வரும்."

இப்போது நான் கரையில் நானாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, எனக்குப் பதிலாக இறங்கும் பெண் திரும்பி வரும்போது எவ்வளவு ஆழம் என்று கேட்பதை நானாவிடமே விட்டுவிட்டு, வள்ளத்தில் அவள் மூஞ்சையை எப்படி வைத்திருக்கிறாள் என்று மட்டும் பார்க்கிறேன்.