ஊதா முத்திரை

முத்தாபுதுப்பேட்டையில் கறிக்கடை வைத்திருந்த கன்னியம்மாவுக்கு அந்த யுத்தகாலத்தில் எரிச்சல் வராத நாளே கிடையாது. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியதும், கடைகளுக்கு ஆடு அறுத்துக் கொடுக்கக் கோவிந்தன் நடத்திவந்த ஆடுதொட்டியை ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. ஆடு நம்ம ஆடு, அறுக்கிற கையும் நம்ம கை. முதலாளி மட்டும் சீமையில் உட்கார்ந்திருந்தான். இனி தொட்டியில்தான் அறுக்க வேண்டும், கம்பெனி டாக்டர் பார்த்து ஊதா முத்திரை குத்தின கறியைத்தான் விற்க வேண்டும், மீறினால் லைசென்ஸ் போய்விடும் என்று தண்டோரா போட்டார்கள். புருஷன் போன பிறகு அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு.

சுத்தமான கறி வரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் முத்திரைக்கு அந்த நிறம்தானா கிடைத்தது! கால் அழுகின ஆட்டுக்கும் புண் வைத்த ஆட்டுக்கும் இந்தப் பக்கம் தடவுகிற மருந்து அதே ஊதா. கடையில் தொங்கும் தொடையில் அந்த நிறத்தைப் பார்த்ததுமே ஜனங்கள் முகம் சுளித்து நகர்ந்தார்கள்.

"இன்னாடி கன்னியம்மா, சீக்கு ஆட்டையா தொங்கவுட்டுகினு கீற?" என்றாள் வடிவு, வருஷக்கணக்காக அவளிடமே வாங்குகிறவள்.

"சீக்கு இல்லக்கா, நல்ல கறின்னு தொர குத்தின முத்திரை!"

"நல்ல கறிக்கு இன்னாத்துக்கு மருந்து?"

மருந்து இல்லை, வெறும் மை என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். கறி சாயங்காலம் வரை தொங்கி நாய்க்குப் போனது. வேறு நிறத்தில் குத்தச் சொல்லி கறிக்கடைகளைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் ஆனந்தனிடம் கெஞ்சினாள். "சீமையில போட்ட ரூல்மா, மாத்த முடியாது" என்று அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொறுமை போய், முத்திரை பதிந்த சதையை எல்லோர் முன்னாலும் அறுத்தெடுத்தாள். கடை அடுப்பிலேயே மிளகாய் போட்டு வதக்கி மென்று விழுங்கினாள். "பாத்துக்கோங்க! நான் செத்தா வாங்காதீங்க!"

வடிவு சிரித்துவிட்டாள். அரை வீசை கேட்டாள். அவள் பின்னால் கூட்டம் சேர்ந்தது. கன்னியம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஆனந்தனின் சைக்கிள் வந்து நின்றது. அவர் தொடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முத்திரை எங்கம்மா?"

"என் வயித்துல கீது, சாமி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அவ தின்னத நாங்க பாத்தோம் சாமி, கறி நல்லா கீது!" என்று வடிவு சண்டைக்கு வந்தாள்.

ஆனந்தன் குனிந்து கறியை மோந்து பார்த்தார். "நல்ல கறிதான், எனக்கும் தெரியுது. நான் சொன்னா செல்லாதும்மா, முத்திரை சொல்லணும்" என்றவர், சைக்கிள் பையிலிருந்த பினாயில் புட்டியைத் திறந்து, யாரும் விற்கவோ தின்னவோ முடியாதபடி கறி முழுக்க ஊற்றினார். போகும்போது லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு போனார்.