பிறம்ரனுக்குப் போகச் சொன்ன ரீவி

காரை நிறுத்திய பிறகு பொனற்றுக்குள் இருந்து ஒரு சத்தம் வரும். டக். கொஞ்சம் பொறுத்து டக், டக். ஓடிக் களைத்த இரும்பு குளிரில் தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளும் சத்தம். கனடாவில், மல்வேர்னில் எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசைவீட்டு வாசலில் அது ஓயும்வரை நான் இறங்குவதில்லை. மனைவியோடு சண்டைபோட்டு விட்டுக் காருக்குள் இருக்கிறேன் என்று பக்கத்து வீட்டு அண்ணை நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும். எனக்கு அந்தச் சத்தம், எங்கள் தொலைக்காட்சிப் பெட்டி பேசத் தொடங்கிய குளிர்காலம்.

அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் ஒரேயொரு வழக்குத்தான் நடந்தது. அம்மா எங்களோடு இருப்பதா, பிறம்ரனில் தம்பியோடு போய் இருப்பதா? தம்பி ட்றக் ஓட்டுபவன். மனைவி பிரிந்து போனபின் ஒரு முழு வீட்டில் தனியாக இருந்தான். கடைசி மகனிடம் போகவேண்டும் என்றார் அம்மா. நான் விடவில்லை. அவன் ட்றக்கோடு போய்விட்டால் வீட்டில் யார் இருப்பது? அம்மா ஐஸில் சறுக்கி விழுந்தால் யார் தூக்குவது? அதோடு மூத்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்க இளையவன் வீட்டில் தாய் என்றால், கோயிலில் நாலு பேர் எட்டு விதமாகக் கதைப்பார்கள். "குளிர் முடியட்டும், பாப்பம்" என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன். கனடாவில் குளிர் முடிவதை வைத்து வாக்குக் கொடுப்பவனை ஒருவரும் நம்பக்கூடாது. அம்மாவும் நம்பவில்லை.

ஒரு பின்னேரம் சீரியலுக்கு நடுவே விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. அம்மா திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கெண்டா சின்னவனோட போய் இருந்தாத்தான் நிம்மதி."

டக். டக் டக்.

ரீவிக்குள் இருந்து வந்தது. விளம்பரத்தின் சத்தமல்ல. பெட்டியின் உள்ளேயிருந்து, உலர்ந்த, சின்ன, உறுதியான ஒரு சத்தம். அம்மா கதிரையின் கையில் விரலால் மூன்று தரம் தட்டினார்.

"பாத்தியே, பல்லி சொல்லுது."

"அம்மா, வெளியில கிடக்கிற குளிருக்கு மனுசரே வெளிக்கிடேல்லை. பல்லி எப்பிடியணை வரும்?"

"நாங்கள் வரேல்லையே? அதுவும் வந்திருக்கும்."

"பாஸ்போட் இல்லாமலோ?"

"நீ என்ன, பாஸ்போட்டோடயோ வந்தனி?"

குசினிக்குள் மனைவி சிரித்த சிரிப்பில் கரண்டி விழுந்தது. நான் வந்த விதம் அப்படி.

அடுத்த நாளும் சொன்னது. அதற்கு மறுநாளும். எங்கள் பெட்டிக்கு நல்ல நேரம் பார்க்கத் தெரிந்திருந்தது. நான் வேலைக் கதை கதைத்தால் சும்மா இருக்கும். மனைவி அம்மாவிடம் முழங்காலைப் பற்றிக் கேட்டால் சும்மா இருக்கும். அம்மா "பிறம்ரன்" என்று வாயைத் திறந்தால் டக். தமிழ்க்கடையில் கொடுத்த கலண்டரை அம்மா எடுத்துவந்தார். முன்பக்கம் வீடு விற்கும் ஏஜென்ற் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். பின்பக்கம் பல்லி சொல்லும் பலன்.

"ரீவி நிக்கிறது தெற்குச் சுவர். இதில என்ன போட்டிருக்கு, வாசி."

வாசித்தேன். பயணம் என்று போட்டிருந்தது.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன், இந்தப் பெட்டியைத் திருத்தாமல் விடுவதில்லை என்று. என் வாழ்க்கையில் ஒரு பிளக்கைக்கூட ஒழுங்காக மாற்றியவனல்ல நான். ஆனால் தாயைக் கொண்டுபோகப் பார்க்கும் ஒரு சத்தத்தோடு எந்த மகன்தான் சமாதானமாக இருப்பான்? முதலில் பிளக்கைக் கழற்றி மாட்டினேன். பிறகு எல்லா வயரையும் கழற்றினேன், எது எங்கே இருந்தது என்பதை மறந்தேன், அம்மா சீரியலின் ஒரு கலியாணத்தைத் தவறவிட்டார், அதற்கு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. படம் போன பெட்டியும் தன் பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

ரீவிக் கொம்பனியின் உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். சத்தம் எப்படிப்பட்டது என்று விபரிக்கச் சொன்னது ஒரு பெண்குரல். எனக்கு நல்ல உற்சாகம். ஒரு மனிதர் மரக்கதிரையிலிருந்து எழும்ப நினைத்து, எழும்பாமல் விட்டால் வரும் சத்தம் என்றேன் ஆங்கிலத்தில். உறைந்த குளத்தில் முதல் கீறல் விழுவதைப்போல என்றேன். ஐயா, படம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டது குரல். போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. தலைவாசலில் நின்ற விருந்தாளியைப்போல மரியாதையாக இருந்தது. போனை வைத்தேன். டக்.

"இஞ்சருங்கோ, உங்கட வர்ணனையைக் கேட்டு அதுக்கே வெக்கம் வந்திட்டுது" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டு அண்ணை கேள்விப்பட்டு வந்தார். பென்ஷன் எடுத்தபின் அடுத்தவர் வீட்டுக் கோளாறுகள்தான் அவருக்குப் பொழுதுபோக்கு. பெட்டியைச் சுற்றி வந்தார்; நாடி பிடித்துப் பார்ப்பவர்போல அதன் ஓரத்தில் இரண்டு விரலை வைத்தார்.

"தம்பி, அந்தக்காலத்து ரீவியெண்டா முதுகில ரெண்டு குடுத்தாச் சரி. இதுக்கு முதுகையே காணேல்லை. எங்க அடிக்கிறது?"

"அடிக்க வேண்டாம் அண்ணை."

"அப்ப இடத்தை மாத்து. இடம் மாறினா மனுசரே திருந்துவினம்."

அது எனக்குப் பிடித்துப்போயிற்று. சத்தம் நிற்காவிட்டாலும் திசை மாறும். பல்லியை வெல்ல முடியாதவன் பலனையாவது மாற்றலாம். நானும் அண்ணையுமாகப் பெட்டியைத் தூக்கிக் கிழக்குச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தோம். கலண்டரை நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அன்று பின்னேரம் அம்மா வாய் திறக்கமுன்னரே டக் டக் டக் என்று பொரிந்து தள்ளியது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார்.

"கிழக்கு. பிரிஞ்ச உறவு சேரும்."

அண்ணை கலண்டரை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். "அம்மா, அப்ப உங்களுக்கு உடுப்பு அடுக்கிற வேலைதான் மிச்சம்" என்றார். அவருக்கு அன்றைக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டாம் என்று மனைவியிடம் கண்ணைக் காட்டினேன். அவள் வடையும் சேர்த்துக் கொடுத்தாள்.

உண்மை ஒரு ஞாயிறு காலை பிடிபட்டது. வீட்டில் நான் மட்டும் விழித்திருந்தேன். பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு, அதுவாகப் பேசட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பேஸ்மன்றில் ஹீற்றர் ஊமென்று எழும்பியது, ஜன்னல் குளிரில் விறைத்திருந்த பெட்டியின்மேல் சூடான காற்றுப் பட்டது, டக். ஹீற்றர் நின்றது, பெட்டி குளிர்ந்தது, டக். அவ்வளவுதான். பிளாஸ்ரிக் சட்டம் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கியிருக்கிறது. பழைய இடத்தில் காற்று வரும் தரைத்துவாரம் நேரே அதன் காலடியில் இருந்தது. அம்மாவுக்குப் பின்னேரத்தில் குளிரும், ஹீற்றரைக் கூட்டச் சொல்லிவிட்டுத்தான் சீரியலுக்கு முன் அமர்வார், அமர்ந்ததும் பிறம்ரன் கதை வரும். பல்லிக்கு நேரம் பார்த்துக் கொடுத்தது அந்த ஹீற்றர்தான்.

பெட்டியைத் தெற்குச் சுவருக்கே கொண்டுவந்தேன். துவாரத்தின்மேல் ஒரு மூடியைப் போட்டுச் சூட்டை மற்றப் பக்கம் திருப்பினேன். பெட்டி வாயை மூடிக்கொண்டது. நான் வீட்டுக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு தேசத்தைப் பிடித்தவன்கூட அப்படி நடந்திருக்கமாட்டான்.

அன்று பின்னேரம் விளம்பரம் வந்தது. அம்மா சொன்னார்.

"நான் சின்னவனோட போய் இருக்கப்போறன்."

பெட்டி பேசவில்லை. ஒரு சவர்க்காரம் மட்டும் பாடிக்கொண்டு போனது. அம்மா கதிரையில் மூன்று தரம் தட்டினார்.

"பல்லி சொல்லேல்லையே அம்மா" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுதாகக் குறைத்தார். சீரியல் நேரத்தில் அம்மா அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

"விசரா, கனடாவில ஏதடா பல்லி?"

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்ப இவ்வளவு நாளும்?"

"நான் சொல்ல நீ குளிரைச் சொன்னாய். ஐஸைச் சொன்னாய். கோயில்ல சனம் கதைக்குமெண்டு சொன்னாய். பல்லி சொன்னாலாவது கேப்பாய் எண்டு பாத்தன். நீ என்னடா எண்டா பல்லியையே திருத்திப்போட்டாய்."

"அவன் ரெண்டு மூண்டு நாள் வீட்டிலேயே நிக்கமாட்டான். நீங்கள் தனிய அங்க என்ன செய்வியள்?"

"இஞ்ச மட்டும் என்ன செய்யிறன்? நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போக ரீவியோட இருக்கிறன். அங்கயும் ரீவி இருக்கு." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "வீட்டை வந்தா லைற் போட்டுக் கிடக்கவேணுமடா. ஒருதர் இருக்கினம் எண்டு தெரியவேணும். உனக்கு உவள் இருக்கிறாள். அவனுக்கு ஆர்?"

நான் விடாமல் ஐஸைப் பற்றி இன்னொருமுறை தொடங்கினேன். மனைவி குசினி வாசலில் வந்து நின்று, "காணும், விடுங்கோ" என்றாள். சீரியலில் வாயசைத்து வாயசைத்து யாரோ அழுதார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பெரிய பையும், மூன்று சாமிப் படமும், மிளகாய்த்தூள் வாளியுமாக நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். தம்பி இவ்வளவு குளிருக்கும் ரீசேட்டோடு வெளியே வந்து நின்றான். நன்றாகத்தான் இளைத்திருந்தான். பையைத் தூக்கும்போது என் முகத்தைப் பாராமல், "கோவமோ அண்ணை?" என்றான். "கனம், பாத்துத் தூக்கு" என்றேன்.

அம்மா சப்பாத்தைக் கழற்றமுன்னரே அவனுடைய ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். ஒரு கெச்சப் போத்தலும், கடித்து வைத்த பீட்ஸாத் துண்டும், நிறைய வெளிச்சமும் இருந்தன. அம்மாவின் முகத்தில் ஒரு வேலை கிடைத்த சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். நான் போவதா, இன்னும் கொஞ்சம் நிற்பதா என்று தெரியாமல் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன், கட்டினேன், திரும்ப அவிழ்த்தேன். அம்மா வாசலுக்கு வந்து என் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"ஸ்நோ கொட்டமுந்தி வெளிக்கிடு. ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வா. சாப்பிட்டிட்டு வந்தியளெண்டா கதவு திறக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."