ரெஜினா அக்காவின் கிறிஸ்துமஸ் பெட்டிகள்

ரெஜினா அக்கா இறந்த செய்தி பள்ளி அலுவலகத் தொலைபேசியில் வந்தது. நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வாசலில் நின்று, "டீச்சர், ஈப்போவிலேர்ந்து போன். வள்ளியம்மைன்னு ஒருத்தங்க" என்றார். வள்ளியம்மை, ரெஜினா அக்காவின் கொழுந்தனாருடைய மனைவி. அவர் அழவில்லை. "டீச்சர், அக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தாங்க, அவ்வளவுதான். நாளைக்கு எடுக்கிறோம்" என்றார். சரி என்று சொல்லி வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன். பாதியில் நின்ற கணக்கை முடித்தேன். நான் இப்போது வேலை பார்க்கும் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஈப்போவுக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று அதன் பிறகுதான் யோசித்தேன்.

சிலிம் ரிவரை அடுத்த ரப்பர் தோட்டத்தில் ரெஜினா அக்காவை அறிந்தவர்கள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். செய்தி எட்டாதவர்களும் இருக்கலாம். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். தோட்ட ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சூசைநாதனின் மனைவி ரெஜினா அக்கா. ஆசிரியர் வீடும் கிராணி வீடும் ஒரே வேலிக்கு இருபுறம். நான் வந்த ஆண்டு டிசம்பரில் ஒரு நாள் வேலிக்கு அப்பாலிருந்து, "டீச்சர், மையி தீந்துபோன பேனா ஏதாச்சும் இருக்கா? எழுதுற பேனா வேணாம், எழுதாத பேனாதான் வேணும்" என்று கேட்டார். எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசை முழுவதும் மணிலா அட்டை, பழைய நாட்காட்டித் தாள்கள், சிவப்பு நாடா. ஒரு கிண்ணத்தில் மரவள்ளி மாவுப் பசை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருகிற ஒவ்வொருவரின் தட்டுக்கு முன்னாலும் வைக்கச் சின்னச் சின்னக் காகிதப் பெட்டிகள் செய்துகொண்டிருந்தார்.

தீர்ந்துபோன பேனாவின் முனையால் அட்டையில் அழுத்திக் கோடு இழுத்தால் அட்டை கிழியாமல் அந்தக் கோட்டிலேயே மடங்கும். கத்தி வைத்தால் வெட்டிவிடும். மூடியை அடிப்பெட்டியைவிட ஒரு நூல் பெரிதாக வெட்டுவார். "மூடி இறுக்கமா இருந்தா விருந்துக்கு வந்தவங்க பெட்டியோட மல்லுக்கட்டணும்லா" என்பார். உள்ளே கண்ணாடித்தாள் சுற்றிய நெய்யுருண்டை இரண்டு, சீனி பூசிய கச்சான் கடலை ஒரு பிடி. மூடியின் மேல் விருந்தாளியின் பெயர். நான் வெட்டிக் கொடுத்த முதல் அட்டை கோணலாக இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "இது கோயில் சந்தா கட்டாத கிராணிக்கு" என்றார். அவருடைய கேலி அப்படித்தான் இருக்கும், யாரையும் விடாது.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் தஞ்சோங் ரம்புத்தானில் வளர்ந்தவர். அவருடைய தாயார் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை செய்தார். அந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் மேசையில் இப்படிப் பெட்டிகள் இருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் செய்யத் தொடங்கியதற்குக் காரணம் வேறு. "கல்யாணமாகி வந்த மொத கிறிஸ்துமஸ்ல எல்லாரும் உக்காந்துட்டாங்க, எனக்கு மட்டும் நாற்காலி இல்ல. அடுப்படியில நின்னு சாப்பிட்டேன். யாரும் வேணும்னு செய்யல டீச்சர், மறந்துட்டாங்க. பேரு போட்டு வச்சுட்டா மறக்க முடியாதுலா." இதைச் சொல்லும்போது குரலில் வருத்தம் எதுவும் இல்லை. பசையைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

அந்த மேசையில் பெரிய சச்சரவு நடந்தது சில ஆண்டுகள் கழித்து. சூசைநாதனின் தம்பி ஆரோக்கியம், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்த வள்ளியம்மையை விரும்பினார். வள்ளியம்மை விடியலில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பால்மரம் வெட்டுகிறவர், இந்து. கிராணி குடும்பத்துக்கு இரண்டுமே ஒவ்வாதவை. சூசைநாதனின் தாயார் செபமாலை அம்மாள் வெகுநாள் பிடிவாதமாக நின்றார். முடிவில், பெண் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால் சரி என்றார். வள்ளியம்மை எடுத்துக்கொண்டார். மார்கரெட் என்று பெயர் வைத்தார்கள். மாதா கோயிலில் திருமணம் நடந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் மதியம் எல்லோரும் தத்தம் பெட்டியைப் பார்த்து அமர்ந்தோம். வள்ளியம்மை மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூடியாகப் படித்தார். பிறகு போய்க் கதவோரம் நின்றுகொண்டார்.

"ஏம்மா நிக்கிற? உக்காரு" என்றார் ரெஜினா அக்கா.

"எனக்குப் பெட்டி இல்லியே அக்கா."

"இதோ இருக்கே" என்று காலியாக இருந்த இடத்தைக் காட்டினார். மூடியில் மார்கரெட் என்று அழகாக எழுதியிருந்தது. ஓரத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தார்.

வள்ளியம்மை அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். செபமாலை அம்மாள், "வச்ச பேரு அதுக்குள்ள மறந்துபோச்சா?" என்றார்.

"மறக்கல அத்தை. கோயில்ல அந்தப் பேருதான். எங்கப்பா போயி வருஷம் திரும்பல. வீட்லயாச்சும் அவரு வச்ச பேரு இருக்கட்டும்."

ரெஜினா அக்கா அந்தப் பெட்டியை எடுத்து, நெய்யுருண்டைகளைத் தட்டில் வைத்தார். மூடியின் ஒட்டுகளைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மடித்தார். கணவரிடம், "பேனா குடுங்க" என்றார். சூசைநாதனின் சட்டைப் பையில் பேனா இருந்தது. அவர் கையை அசைக்கவில்லை. நான் என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரெஜினா அக்கா நிதானமாக வள்ளியம்மை என்று எழுதி, அதே இடத்தில் வைத்தார்.

செபமாலை அம்மாள் எழுந்தார். "அப்ப இந்த மேசையில எனக்கு எடமில்ல" என்றார்.

"ரெஜினா, அத எடுத்துடு" என்றார் சூசைநாதன்.

"சோறு ஆறுதுங்க. அத்தை, உக்காருங்க" என்றார் ரெஜினா அக்கா. பெட்டியை எடுக்கவில்லை.

செபமாலை அம்மாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாது, தட்டுகளைக் காலி செய்தோம். மறுநாள் காலை அந்த அம்மாள் ஈப்போவில் இருந்த மகள் வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டார். சூசைநாதன் ஈஸ்டர் வரை மனைவியிடம் பேசவில்லை. வேண்டியதைப் பிள்ளைகள் மூலமாகக் கேட்டுக்கொண்டார். தோட்டத்தில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். லயத்தில் அவரைப் புகழ்ந்தார்கள். கிராணி வீடுகளில், மாமியாரை விரட்டியவள் என்றார்கள்.

ஒரு முறை துணி காயப்போடும்போது அவரிடம் கேட்டேன், அன்று செய்தது சரிதானா என்று. "சரிதான்" என்றார். இன்னொரு துணியை உதறிப் போட்டுவிட்டு, "அத்தை மனசு நொந்ததும் நெசந்தான். ஒண்ணு இன்னொண்ண அழிச்சிடுமா என்ன?" என்றார். மேலும் சொன்னார்: "மார்கரெட்னு பாத்தா அந்தப் புள்ள சந்தோஷப்படும்னு நெனச்சேன். நம்ம வீட்டு ஆளாயிட்டோம்னு இருக்கும்ல. அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இவ்வளவு சூசா, இவ்வளவு தொல்ல இல்ல." அதற்குப் பிறகு எந்தப் பெட்டியிலும் கேட்காமல் அவர் பெயர் எழுதியதில்லை.

மாமியாருக்கும் ஆண்டுதோறும் பெட்டி செய்தார். ஈப்போவுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். ஒவ்வொரு முறையும் பெட்டி திரும்பி வந்துவிடும், காலியாக. முதல் முறை வந்தபோது மூடியைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "தின்னுட்டாங்கலா டீச்சர்! கச்சான்கூட மிச்சம் இல்ல!" என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. ஆபீசை மூடினார்கள். ரெஜினா அக்கா குடும்பம் ஈப்போவுக்குப் போனது. சூசைநாதன் ஓர் இரும்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆரோக்கியமும் வள்ளியம்மையும் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்தார்கள். எனக்கு மீண்டும் மாற்றல் வந்தது. ஆயினும் கிறிஸ்துமஸுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை.

அங்கே இரண்டாவது கிறிஸ்துமஸ் என்று நினைக்கிறேன், சூசைநாதன் தாயாரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அந்த அம்மாளுக்குப் பார்வை மங்கியிருந்தது. பெட்டிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். எதிரே வள்ளியம்மை. சற்று நேரத்தில் செபமாலை அம்மாள், "ஏ புள்ள, அந்தக் கோழிக் கொழம்ப இப்படித் தள்ளு" என்றார். வள்ளியம்மை தள்ளினார். அவ்வளவுதான் நடந்தது. இறக்கும்வரை அந்த அம்மாள் மருமகளை வள்ளியம்மை என்று அழைக்கவில்லை, மார்கரெட் என்றும் அழைக்கவில்லை. ஏ புள்ள, அதுதான். சமையலறையில் ரெஜினா அக்கா என் காதருகில், "எறங்கி வந்துட்டாங்க. இதுக்கு மேல எறங்கச் சொன்னா முட்டி வலிக்கும், வயசாச்சு" என்றார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சச்சரவுக்கு அடுத்த ஆண்டு, டிசம்பர் மாதம், ரெஜினா அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "உங்க பேரு என்ன? இத்தன வருஷமா டீச்சர், டீச்சர்னே எழுதியிருக்கேன்" என்றார். தோட்டத்தில் அதை யாரும் கேட்டதில்லை. எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை. தனபாக்கியம் என்றேன். "எழுதலாமா?" என்றார். அன்றிலிருந்து அவர் என்னை அந்தப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். பெற்றோர் போன பிறகு அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றேன். வள்ளியம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"தனபாக்கியம் அக்கா, உள்ள வாங்க" என்றார்.

அதுவரை அவரும் என்னை டீச்சர் என்றே அழைத்தவர்.

"அக்கா உங்கள அப்படித்தான சொல்லுவாங்க. இனிமே அப்படிக் கூப்பிட ஒரு ஆளு வேணும்ல" என்றார்.

என் மாணவர்களின் பெயரைப் பதிவேட்டில் பார்த்து அழைப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். வகுப்பின் முதல் நாள், உன்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்கிறேன். சிலர் வெட்கப்படுவார்கள், சிலர் வீட்டுப் பெயரைச் சொல்வார்கள். ரெஜினா அக்காவிடமிருந்து எனக்கு வந்தவை இந்தக் கேள்வியும், என் பெயரும். இரண்டையும் வைத்திருக்கிறேன்.