எட்டு ஐம்பது பஸ்

மாரடைப்பு வந்தவர்கள் ஏன் தாமதமாக ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதுவது என் வேலை. எனக்கே வந்தபோது நான் கோலி சோடா குடித்தேன். ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதில் எலுமிச்சையும் உப்பும் போடச் சொன்னேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனங்கள் செய்திருக்கிறேன். இவ்வளவு தகுதியோடு செய்ததில்லை.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நெஞ்சுவலி என்றால் வண்டியிலேயே ஈசிஜி எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போனில் அனுப்ப வேண்டும். பக்கவாதம் என்றால் வாய் கோணுகிறதா, கை தூக்க வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு நேரே கொண்டுபோக வேண்டும். இதனால் பயன் உண்டா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

எந்த வண்டியின் நோயாளி விவரத் தாளைப் புரட்டினாலும் ஒரு கட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ‘வலி ஆரம்பித்த நேரம்.’ எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: இப்பத்தான். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்பதை டாக்டர் அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார். தா.பழூர் வண்டியின் தாள்களில் மட்டும் சுத்தமாக மணி எழுதியிருந்தது. உட்கார்ந்த இடத்தில் கற்பனையாக எழுதுகிறார்கள் என்று நினைத்து, கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பினேன்.

தா.பழூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியது போல இருந்தது. வாயு என்று நானே தீர்ப்புச் சொல்லி, சோடாக் கடையில் ஒதுங்கி, வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.

வண்டியில் மருத்துவ உதவியாளராக இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சார் செய்யுது?”

“ஒண்ணுமில்லம்மா, வாயு.”

“வாயுவ நான் பாத்துக்குறேன். நீங்க ஏறிப் படுங்க.”

ஈசிஜி எடுத்தார், அனுப்பினார், ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். “அரியலூருக்கு விடுங்கண்ணே” என்றார் டிரைவரிடம். அப்புறம் தாளை எடுத்தார்.

“வலி எப்ப ஆரம்பிச்சுது சார்?”

உண்மையைச் சொன்னால் மானம் போகும்.

“இப்பத்தான்.”

அவர் பேனாவை எடுக்கவில்லை.

“வாயுன்னீங்களே, சோடா குடிச்சிருப்பீங்களே?”

“ரெண்டு.”

“மொத சோடா குடிக்கிறப்ப எந்த பஸ் நின்னுச்சு?”

“நான் வந்த பஸ்ஸுதான். கும்பகோணம் போறது. கெளம்பிக்கிட்டிருந்துச்சு.”

“அது எட்டு அம்பது பஸ்ஸு” என்று எழுதினார். “இப்ப பத்தரை. யாருக்கும் மணி தெரியாது சார். பஸ் தெரியும்.”

அந்த மணியை வைத்துத்தான் அரியலூரில் எனக்கு ஊசி போட்டார்கள்.

சில வாரம் கழித்து, அன்று கேட்காமல் விட்ட என் கேள்விப் படிவத்தோடு அந்த ஆம்புலன்ஸ் பெண்ணிடமே போனேன். கடைசிக் கேள்வியை, ஆய்வு செய்ய வந்தவன் என்ற மிடுக்கோடு, சத்தமாகப் படித்தேன்: “சிகிச்சை தாமதமாவதற்கு முக்கியக் காரணம் எதுன்னு நெனைக்கிறீங்க?”

“நீங்கதான் சார்.”