ஒஃபேலியா சிரித்த இடங்கள்

எலோய்சா பாரியென்டோஸ் தன் முதல் ஆவணப்படத்தை எடுக்கத் தொடங்கிய நாட்களில் அமெரிக்க எல்லை ஊரான எல் பாசோவின் தையல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. மெஷின்களைக் கழற்றி, லாரியில் ஏற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் ஹுவாரெஸுக்குக் கொண்டுபோனார்கள். அவற்றின் முன்னால் உட்கார்ந்தே கழுத்தும் கண்ணும் போன பெண்களை இந்தப் பக்கமே விட்டுவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி எலோய்சாவின் அக்கா ஒஃபேலியா. அக்கா அந்தக் கரையில் பிறந்தவள், தங்கை இந்தக் கரையில். பதினாறு வயதில் ஜீன்ஸுக்கு ஜிப் தைக்க உட்கார்ந்த ஒஃபேலியாவின் சம்பளத்தில்தான் எலோய்சா கல்லூரிக்குப் போனாள். திரும்பி வரும்போது ஒரு கேமராவும் ஒரு பெயரும் கொண்டுவந்தாள். தான் ஒரு சிகானா என்றாள். மெக்சிகோ வேரோடு இந்த மண்ணில் பிறந்து, யாருக்கும் பணியாமல் உரிமை கேட்கிறவள் என்று பொருள் சொன்னாள்.

"உரிமை கேக்குறவளுக்குத் தனிப் பேரா? எங்க சூப்பர்வைசர் எங்களுக்கு வெச்ச பேரே வேற," என்றாள் ஒஃபேலியா, டோர்ட்டியா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "சரி சிகானாம்மா, சாப்பிட வாங்க. பீன்ஸ் ஆறுது."

வேலை போன பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்து போராடியபோது எலோய்சா அவர்களோடேயே கிடந்தாள். வார இறுதியில் ஊரார் கல்யாணங்களைப் படம்பிடிப்பாள். அந்தக் கூலி இந்தப் படத்துக்குப் போனது. ஒஃபேலியாவுக்குக் கேமராக் கூச்சமே கிடையாது. மேலாளர் தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடப்பதை நடந்து காட்டுவாள்.

"நாட்டுல பாதி ஆம்பளைங்க மானத்தைக் காப்பாத்துறது நான் தெச்ச ஜிப்புதான்," என்பாள். "என் புருஷன் ஒருத்தன்தான் அதையும் மீறி ஓடிட்டான்."

வாசலில் இருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் அழுதது ஒரே ஒரு நாள். வேலை தேடித் தரும் அலுவலகத்தில் ஆங்கிலம் தெரியவில்லை என்று வரிசையிலிருந்து அவளைத் தள்ளி நிறுத்திய நாள். அதுவும் படமாகியிருந்தது.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எலோய்சா பல வருஷம் அலைந்தாள். கடைசியில் ஒரு தொலைக்காட்சி எடுத்துக்கொள்ள முன்வந்தது. அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "உங்க அக்கா இப்படிச் சிரிச்சுக்கிட்டே இருந்தா பாக்கிறவங்களுக்கு எப்படிங்க மனசு இளகும்? ஒரு மணி நேரத்துக்குள்ளயும் அடங்கணும்."

எலோய்சா வாதாடினாள், பிறகு ஓய்ந்துபோனாள். யாரும் பார்க்காத முழுப்படத்தைவிட ஊர் பார்க்கும் பாதிப்படம் மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சிரிப்பு வந்த இடங்களையெல்லாம் தானே வெட்டி எடுத்தாள்.

ஒளிபரப்பான அன்று ஒஃபேலியா ஒரு பெரிய பானை மெனுடோ குடல் சூப் வைத்துத் தன்னோடு வேலை பார்த்த பெண்களை எல்லாம் கூப்பிட்டிருந்தாள். படம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"அது யாருடி?" என்றாள் ஒஃபேலியா.

"யாரைக் கேக்குற?"

"அந்த அழுமூஞ்சியத்தான். ரெண்டு வருஷம் உன் கேமராவைப் பாத்துச் சிரிச்சேனே, ஒண்ணுகூடவா நல்லா இல்ல?"

"டிவிக்காரங்க வெட்டச் சொன்னாங்கக்கா."

"கத்திரி யார் கையில இருந்துச்சு?"



அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. கல்லூரிகளில் கூப்பிட்டுத் திரையிட்டார்கள். போன ஊரில் எல்லாம் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஒஃபேலியாவுக்கென்று பழைய துணிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தார். மேலாக இருந்தது ஒரு ஜீன்ஸ். அவள் ஜிப்பைத் திருப்பிப் பார்த்தாள். "எங்க லைன்ல தெச்சது இல்ல," என்று பெட்டியை மூடிவிட்டாள். தங்கையோடு அவள் சண்டை போடவில்லை. சோறு போட்டாள், பேசினாள். கேமராவை மட்டும் வீட்டுக்குள் விடவில்லை.

அதன் பிறகு எலோய்சா எடுத்த இரண்டு படங்களையும் எந்தத் தொலைக்காட்சியும் சீண்டவில்லை. அவள் கல்யாணங்களுக்கே திரும்பினாள். ஒஃபேலியாவின் சிறுநீரகங்கள் கெட்டுப்போயின. ரத்தம் சுத்திகரிக்க அவளைக் காரில் கூட்டிப்போவது எலோய்சாதான். ஒருநாள் போகும் வழியில் மெல்லச் சொன்னாள்.

"நீ சிரிச்சதையெல்லாம் திரும்பச் சேத்துக்கிட்டு இருக்கேன்கா. பாக்குறியா?"

"யாருக்குடி இனிமே? பாக்க வேண்டியவங்கெல்லாம் பாத்தாச்சு." ஒஃபேலியா கண்ணை மூடிக்கொண்டாள்.

எலோய்சா அந்த வேலையை அதற்குமேல் தொடவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

அடக்கத்தன்று அக்கா மகன் ரூபேன் கெஞ்சினான். "சித்தி, நீங்கதான் படம் பிடிக்கணும். ஹுவாரெஸ் பாட்டிக்குக் காட்டணும்ல." ஹுவாரெஸிலிருந்த சோலெடாட் பெரியம்மாவுக்கு எல்லைப் பாலம் கடக்கும் அனுமதி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. எலோய்சா கேமராவை எடுத்தாள். கை நடுங்கினால் படம் ஆடும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டு, பெட்டி குழிக்குள் இறங்குவதையும் மண் விழுவதையும் எடுத்து முடித்தாள்.

மறுவாரம் பாலம் தாண்டிப் போய்ப் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். கிழவி ஜெபமாலையை உருட்டியபடி கடைசிவரை பார்த்தாள்.

"எல்லாரும் இருக்காங்க. உன்னைக் காணோமே. அக்கா சாவுக்கு நீ போகலையாடி?"

"போனேன் பெரியம்மா. படம் புடிச்சதே நான்தான்."

பெரியம்மாவுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. "ஒரு ஓரமாவது நின்னிருக்கலாம்," என்றாள்.

எலோய்சா தரையில் உட்கார்ந்து, அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பெரியம்மா அவளை எழுப்பவில்லை.