அறுபத்திமூன்றாம் பக்கம்

விசுவமடுவில் ரஜிதாவின் கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தப் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. "ரைப் அடிக்கிற பிள்ளையின்ர கடை" என்றால் பஸ் கொண்டக்டரே பார்த்து இறக்கிவிடுவார். உள்ளே ஒரு பழைய கணினி, ஒரு போட்டோ கொப்பி மெஷின், இரண்டு பிளாஸ்ரிக் கதிரை. காணிக் கடிதம், யானை உடைத்த வீட்டுக்கு விண்ணப்பம், காணாமல் போன பிள்ளையைத் தேடி மனு, எல்லாம் அவள் விரலால்தான் அரச கந்தோர்களுக்குப் போகும். வயது முப்பத்துநாலு. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

போன வருசம் ஐப்பசியில் ஊர்ச்சங்கத் தலைவர் இளையதம்பி அந்தக் கடைக்கு ஏறி வந்தார். ஓய்வு பெற்ற தபாலதிபர். முத்திரை கொஞ்சம் சரிந்து ஒட்டியிருந்தாலே அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு செமிக்காது. யுத்தத்தில் செத்த ஊராட்களுக்கு ஒரு நினைவுப் புத்தகம் போடுவதென்று சங்கம் முடிவெடுத்திருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம். படம், பெயர், பிறந்த நாள், செத்த நாள், செத்த இடம், வீட்டுக்காரர் சொல்லுகிற நாலு வரி.

"ஊர் ஒண்டு, புத்தகம் ஒண்டு," என்றார் இளையதம்பி. "பக்க இலக்கமும் துவக்கத்திலயிருந்து கடைசி மட்டும் அறாமல் ஓடவேணும், பிள்ளை. ஒண்டும் குழம்பக்கூடாது."

சொல்லுவது சுகம். அவளுடைய கணினி இருபது படம் சேர்ந்தாலே விறைத்து நின்றுவிடும் சாதி. ஒருமுறை அப்படி நின்று மூன்று நாள் வேலையை விழுங்கியும் விட்டது. அதனால் தெருத்தெருவாக, ஒழுங்கைக்கு ஒரு கோப்பு என்று ஒன்பது ஒழுங்கைக்கும் ஒன்பது கோப்பு திறந்தாள். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது. ஒவ்வொரு கோப்பும் தனக்கு முன்னால் ஊரில் ஒருவருமே சாகவில்லை என்பதுபோல ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். பக்க இலக்கம் போடுகிற இடத்தில் 'இதிலிருந்து தொடங்கு' என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. முதலாம் ஒழுங்கை பதின்மூன்றில் முடிந்தால், இரண்டாம் ஒழுங்கையின் பெட்டிக்குள் பதினான்கு என்று கையால் அடிக்கவேண்டும். எந்த ஒழுங்கை எதில் தொடங்கி எதில் முடிகிறது என்று ஒரு கொப்பியில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். பென்சில் ஏனென்றால், சனம் ஒருநாளில் வந்து முடிகிற சனமில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த அன்றைக்கு இரண்டாம் ஒழுங்கை இராசேஸ்வரி வந்து கதிரையில் இருந்தாள். அவளுக்கு, பதினொரு நாள் வயதில் பங்கர்க் குழிக்குள் செத்துப்போன குழந்தை ஒன்று. படமில்லை, பெயரும் வைக்கவில்லை. "இதுக்கும் ஒரு பக்கம் தருவினமோ, ரஜிதா? அவர் வேண்டாமெண்டுறார். எனக்குத்தான் மனம் கேக்குதில்லை" என்றாள். ரஜிதா மறுபேச்சுப் பேசாமல் அடித்தாள். பிறகு மூன்றாம் ஒழுங்கையிலிருந்து ஒன்பதாம் ஒழுங்கை வரை ஏழு கோப்பையும் திறந்து, ஏழு பெட்டியிலும் ஒவ்வொன்று கூட்டினாள். அந்தக் குழந்தைக்கு இடம் விட்டு ஊர் முழுக்க ஒரு பக்கம் தள்ளி நின்றது. இப்படி முப்பது தடவைக்கு மேல் செய்திருப்பாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ரஜிதாவின் வீடு நாலாம் ஒழுங்கையின் கடைசி வீடு. அப்பா ஆண்டியப்பன் மாசி மாதம் ஷெல்லில் செத்தவர், அம்மாவும் பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கவே. அவருக்கு அறுபத்திரண்டாம் பக்கம். தம்பி நிஷாந்தனுக்குப் பக்கம் இல்லை. காணாமல் போனவர்களை வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும் போடுவதென்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, அம்மா சிவலட்சுமி எழும்பி நின்று கையை நீட்டி மகளைக் காட்டினாள்.

"என்ர பிள்ளை உயிரோட போனவன். இவள் கண்ணால கண்டவள். செத்தவையின்ர புத்தகத்தில அவன்ர பேர் வரக்கூடாது."

ரஜிதா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

சிவலட்சுமி மலையகத்தில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்தில் அடிவாங்கிப் பதினைந்து வயதில் வன்னிக்கு வந்தவள். எழுத்து வாசிக்கத் தெரியாது. இலக்கம் மட்டும் தண்ணீர்பட்ட பாடு. சின்ன வயதில் தாயின் கொழுந்துக்கூடையோடு தராசடியில் நின்று, கங்காணி இறாத்தலைக் குறைத்து எழுதுகிறானா என்று பார்த்துப் பழகிய கண். இன்றைக்கும் பஸ் ரிக்கற்றிலிருந்து ஆஸ்பத்திரித் துண்டு வரை இலக்கத்தைப் பாராமல் மடியில் கட்டமாட்டாள். பதினாறு வருசமாக அவள் மகனைத் தேடி ஏறாத கந்தோர் இல்லை, இருக்காத போராட்டக் கொட்டில் இல்லை. ஒவ்வொரு மனுவையும் மகள்தான் அடித்தாள். 'எனது மகன் ஏனைய மக்களுடன் உயிருடன் சென்றதை எனது மகள் நேரில் கண்டார்' என்ற அந்த வரி அவளுடைய விரலுக்கே பாடமாகிவிட்டது.

அந்த வரி பொய். அது ரஜிதாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா செத்த அதே வருசம் சித்திரை மாதம், அமாவாசை கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை. கையில் காயப்பட்ட அம்மாவை முதல்நாளே உழவு மெஷினில் ஏற்றி முன்னால் அனுப்பியிருந்தார்கள். பங்கருக்குள் பதினெட்டு வயது அக்காவும் பதினைந்து வயதுத் தம்பியும் மட்டும். தாகம் தாங்காமல் "ஓடிப்போய் ஒரு கான் தண்ணி அள்ளிக்கொண்டு வாடா" என்று அவள்தான் அனுப்பினாள். கிணற்றடியில் ஷெல் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். பார்த்ததை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. புதைக்கக்கூட முடியவில்லை. சனம் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு நாளுக்குப் பிறகு அம்மாவைக் கண்டபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "தம்பி எங்க?" கட்டுப்போட்ட கையோடு நின்ற அந்த முகத்தைப் பார்த்து, "மற்றப் பக்கத்தால போற சனத்தோட வாறானம்மா" என்று வாய் சொல்லிவிட்டது. அன்றைக்கு ஒருநாளைக்கு என்று சொன்ன பொய். ஒருநாள் கழிந்து ஒரு கிழமையானது. அதற்குப் பிறகு அதைத் திருப்பி எடுக்க வழியிருக்கவில்லை.

ஆறு மாதம் ஊரின் சாவுகளையெல்லாம் அடித்தவளுக்குத் தன்னுடையதை அடிக்கக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் அவள் ஒரு வேலை செய்தாள். நாலாம் ஒழுங்கைக் கோப்பில் அப்பாவுக்குப் பின்னால் ஒரு வெறும் பக்கம் விட்டாள். ஒரு எழுத்தில்லை. கீழே இலக்கம் மட்டும்: 63. ஐந்தாம் ஒழுங்கை அறுபத்திநாலில் தொடங்கியது.

கிளிநொச்சி அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. "அக்கா, நூற்றி இருபத்தொன்பது பக்கம் வருது. ஒண்டு குறைஞ்சா தாளுக்குச் சரியா இருக்கும். நடுவில ஒரு வெறும் பக்கம் நிக்குதே, தவறுதலா வந்ததோ?"

"ஓம், தவறுதான்" என்றாள். வேறென்ன சொல்ல? கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை அழித்தாள். ஒரு தட்டுத்தான், போய்விட்டது. இனி ஐந்திலிருந்து ஒன்பது வரை ஐந்து பெட்டியிலும் ஒவ்வொன்று குறைக்கவேண்டும். முப்பது தடவை கூட்டிய கை, குறைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. குறைத்தால் ஊர் ஒரு பக்கம் முன்னுக்கு வந்து தம்பி நின்ற இடத்தை மூடிவிடும். அப்படியே அனுப்பினாள். "அக்கா, இலக்கம் ஒண்டு பாயுது" என்று அச்சகப் பெடியன் திரும்பவும் எடுத்தான். "பாயட்டும், விடுங்கோ" என்றாள்.

வைகாசியில் புத்தகம் வந்தது. பொதுநோக்கு மண்டபத்தில் வீட்டுக்கொரு பிரதி கொடுத்தார்கள். இளையதம்பி மேடையில் நின்று பிள்ளையின் வேலையைப் பாராட்டினார். நல்லகாலம், மனுசன் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சிவலட்சுமி விறாந்தையில் காலை நீட்டி இருந்து புத்தகத்தை மடியில் வைத்தாள். "அப்பா எத்தினையாம் பக்கம்?"

"அறுவத்திரண்டு."

இலக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் புரட்டி, கண்டுபிடித்து, ஆண்டியப்பனின் படத்தைப் புறங்கையால் தடவினாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள்.

"இதென்ன பிள்ளை? அறுவத்திரண்டுக்குப் பக்கத்தில அறுவத்திநாலு நிக்குது."

"அச்சில பிழைச்சுப் போச்சம்மா."

சிவலட்சுமி இன்னும் பத்துப் பக்கம் புரட்டினாள். முன்னாலும் போய்ப் பார்த்தாள். "மற்றதெல்லாம் அறாமல் ஓடுது. நீ இப்பிடிப் பிழை விடுறவள் இல்லையே." திரும்ப அறுபத்திரண்டுக்கு வந்தாள். அடுத்த பக்கத்தில் ஐந்தாம் ஒழுங்கைக்காரரின் படம். இரண்டுக்கும் நடுவில், தாள் சேருகிற மடிப்பில், விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

"இதில ஆரை வச்சிருந்தனி?"

ரஜிதா விறாந்தைத் தூணை எட்டிப் பிடித்தாள்.

"பிள்ளை. நீ அண்டைக்குக் கண்டது என்ன?"

அந்தக் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கிணற்றடி, கான், செவ்வாய்க்கிழமை என்று சொற்கள் ஒவ்வொன்றாய் வந்தன. "நான்தான் அம்மா அனுப்பினனான்" என்பதோடு அழுகையும் வந்தது. பதினாறு வருச அழுகை அது. ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அடி விழும், சாபம் விழும் என்று காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. சிவலட்சுமி புத்தகத்தை மூடாமல், விரலை எடுக்காமல், முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமாவாசை கழிஞ்ச செவ்வாயோ?" என்று கேட்டாள் கடைசியில். விரல் மடித்துத் திதியை எண்ணினாள். பிறகு வருசத்தை எண்ணினாள். "கொப்பருக்கு வருசா வருசம் படைச்சனான். இவனுக்குப் பதினாறு வருசம், ஒருநேரச் சோறு வைக்கேல்லை."

"அம்மா..."

"தண்ணி அள்ளப் போகேக்க அவன் சாப்பிட்டிருந்தவனோ?"

முதல்நாள் மத்தியானம் குடித்த கஞ்சிதான். 'ஓம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இந்த முறை பொய் வாய்க்கு வரவில்லை.

"இல்லையம்மா."

சிவலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். குசினிக்குள் போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.